கதவுப் பாட்டில் ஒரு விம்மல்

பள்ளிப் பேருந்து மூன்றாவது நிறுத்தத்தைத் தாண்டியதும் பின் இருக்கைகளிலிருந்து அந்தப் பாட்டு கிளம்பியது. முதலில் இரண்டு குரல், பிறகு பத்து, பிறகு பேருந்து முழுக்க. “பூட்டாத கதவொன்று உனக்...” என்று இழுத்து நிறுத்தி, முப்பத்தெட்டுப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் ஒரு விம்மல் விம்மி, “...காக வைத்தேன்” என்று முடித்தார்கள். முடித்த கையோடு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த டிரைவரத்தைக்கு முதுகு தானாக நிமிர்ந்தது. அது முப்பத்துநான்கு வருடங்களுக்கு முன்னால் அவர் பாடிய பாட்டு. அந்த விம்மலும் அவருடையதுதான்.

டிரைவர் அத்தை என்பதைப் பிள்ளைகள் சேர்த்துச் சொல்லி வைத்த பெயர் டிரைவரத்தை. வயது ஐம்பத்தெட்டு. அதே பேருந்தைப் பன்னிரண்டு வருடங்களாக ஓட்டுகிறார். இரண்டாவது கியர் மழை நாளில் மட்டும் முரண்டு பிடிக்கும் என்பதும், இடப்பக்கக் கண்ணாடியைக் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை திருப்பி வைக்க வேண்டும் என்பதும் அவருக்கு மட்டுமே தெரிந்த விஷயங்கள். இளவயதில் அவர் ஓட்டுநர் இல்லை, பேருந்து நிலையத்தின் ஒலிபெருக்கிக் குரல். நான்காவது நடைமேடையில் எந்த வண்டி நிற்கிறது, ஆறாவதில் எது தாமதம் என்று நாள் முழுக்கக் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு அந்த வேலைக்கு இயந்திரம் வந்தது. வேறு பிரிவுக்குப் போகிறீர்களா என்று மேலாளர் கேட்டபோது, இத்தனை வருஷம் வண்டியைப் போகச் சொன்னேன், இனி நானே ஓட்டிக்கொண்டு போகிறேன் என்று சொல்லி ஓட்டுநர் பயிற்சிக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். அவர் சுபாவம் அப்படி.

அன்று பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகள் இறங்கியதும், பேருந்தில் துணைக்கு வரும் ஆயாவிடம் அந்தப் பாட்டைப் பற்றி விசாரித்தார். ஆயாவுக்கு ஒரே ஆச்சரியம். ஊரே பாடுகிறது, உங்களுக்குத் தெரியாதா என்று தன் போனை எடுத்துக் காட்டினார். திரையில் இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண் மங்கிய வெளிச்சத்தில் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆயா அவளைக் கிட்டார்ப் பொண்ணு என்றுதான் சொன்னார்.

டிரைவரத்தை முதல்முறை கேட்டபோது அவருக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. அவர் பாடிய பாட்டில் தபேலா, வயலின், கிளாரினெட் எல்லாம் உண்டு. அது ஏறிய காசெட்டின் பக்கத்தில் நாலு நிமிஷ இடம்தான் மிச்சமிருந்தது. அதனால் பாட்டு ஓட்டமும் நடையுமாகப் போகும். இவளோ ஒவ்வொரு சொல்லையும் இறக்கி வைத்துவிட்டு, இளைப்பாறி, அடுத்ததைத் தூக்கினாள். சுருதி வேறு இரண்டு படி கீழே.

“இவ்வளவு மெதுவாப் போனா பின்னாடி வர்றவன் ஹாரன் அடிப்பான்,” என்றார் ஆயாவிடம்.

ஆனாலும் இரண்டாவது முறை கேட்டார். இந்த முறை வேறொன்று நடந்தது. பூட்டாமல் வைத்த கதவு காற்றில் ஆடுகிறது, ஆடும்போதெல்லாம் வந்துவிட்டாரோ என்று ஒருத்தி திரும்பிப் பார்க்கிறாள், பார்த்துப் பார்த்துக் கழுத்து வலிக்கிறது என்று பாட்டில் வருகிறது. இவ்வளவும் இந்தப் பாட்டிலா இருந்தது என்று டிரைவரத்தை திகைத்துப் போனார். பாடிய நாளில் தாளத்துக்குப் பின்னால் ஓடியதில் வார்த்தைகளைத் திரும்பிப் பார்க்க அவருக்கு நேரமே இருந்ததில்லை.

பல்லவி மறுபடி வந்தது. “உனக்” என்ற இடத்தில் கிட்டார்ப் பெண் பாட்டை நிறுத்தினாள். கிட்டாரின் மரப்பகுதியை விரலால் ‘டக்’ என்று ஒரு தட்டுத் தட்டினாள். விம்மினாள். “காக வைத்தேன்” என்று முடித்து, கம்பியில் ‘டிங்’ என்று மெல்லிய ஓசை ஒன்றை எழுப்பினாள். மூன்றும் பழைய காசெட்டில் இருந்த அதே வரிசையில், அதே இடைவெளியில் வந்தன.

அந்தத் தட்டைக் கேட்டதும் டிரைவரத்தை ஸ்டியரிங்கின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். தோள்கள் குலுங்கின. ஆயா பதறிப்போய்த் தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து நீட்டினார். டிரைவரத்தை நிமிர்ந்தபோது கண்ணில் தண்ணீர் நிஜமாகவே இருந்தது, ஆனால் அது சிரித்துச் சிரித்து வந்த தண்ணீர். ஏன் சிரிக்கிறார் என்பதை மட்டும் சொல்லவில்லை. சொல்ல முடியாத காரணம் ஒன்று வீட்டில் இருந்தது.

அந்தக் காரணம் அவருடைய கணவர்.

பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தபோது, தினமும் அங்கே வண்டி ஏறும் ஒரு கணக்கு வாத்தியார் அவர் குரலைக் கேட்டுக் கேட்டு, ஒருநாள் கண்ணாடி அறையின் கதவைத் தட்டினார். வாத்தியாருக்குப் பாட்டுக் கட்டுகிற பைத்தியம். எட்டுப் பாட்டுகளைச் சொந்தமாக எழுதி, மெட்டமைத்து, ஒரு காசெட்டாகக் கொண்டுவரப் போகிறேன், ஒரு பாட்டை நீங்கள் பாடித் தர வேண்டும் என்றார். இவருக்கு இருபத்துநான்கு வயது. சரி என்றுவிட்டார்.

பதிவு செய்த இடம் ஓர் அச்சகத்தின் மாடி. மரத்தளம், சுவரெல்லாம் பழைய மெத்தைகள். பாடுகிறவரும் வாசிக்கிறவர்களும் ஒரே அறையில், எல்லாம் ஒரே மூச்சில். நடுவில் யாராவது தும்மினால்கூட முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அன்றைக்கு ட்ரையாங்கிள் வாசிப்பவருக்குக் காய்ச்சல். கிளாரினெட்காரர் தன் நண்பர் ஒருவரை அழைத்து வந்திருந்தார். தராசுகளைச் சரிபார்க்கும் கடையில் அவருக்கு வேலை. நீதிபதி மாதிரி முகம். பாட்டு முழுவதிலும் அவருக்கு ஒரே ஓர் அடிதான். கடைசிப் பல்லவியில் “வைத்தேன்” முடிந்ததும் அந்த மூன்று மூலைக் கம்பியை ஒருமுறை தட்ட வேண்டும். அந்த ஓர் அடிக்காக அண்ணனின் நல்ல பேன்ட்டைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். அண்ணன் இவரைவிடப் பருமன்.

நீதிபதி பாடகிக்கு நேர் எதிரே நாலடி தூரத்தில் நின்றார். இடக்கையில் நூலில் தொங்கும் ட்ரையாங்கிள், வலக்கையில் குச்சி. பாட்டு ஆரம்பித்ததிலிருந்து உதடு அசையத் தாளத்தை எண்ணிக்கொண்டே இருந்தார். கடைசிப் பல்லவி வந்தது. பாடகி “உனக்” என்று வாயெடுத்த நொடியில் பேன்ட் பட்டன் தெறித்து மரத்தளத்தில் ‘டக்’ என்று விழுந்தது. பேன்ட் மெதுவாக இறங்கத் தொடங்கியது. இரண்டு கையும் மைக்குக்கு முன்னால். அசைந்தால் எட்டுப் பேரின் உழைப்பு பாழ். நீதிபதியின் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. இரண்டு முழங்கால்களையும் ஒன்றோடொன்று இறுக்கி, பேன்ட்டைப் பாதி வழியில் நிறுத்தி, அப்படியே நின்றார். எண்ணுவதையும் நிறுத்தவில்லை.

பாடகிக்குச் சிரிப்பு அடிவயிற்றிலிருந்து பீறிட்டுக்கொண்டு வந்தது. அதை அப்படியே தொண்டையில் பிடித்து விழுங்கினார். விழுங்கியபோது ஒரு சத்தம் வந்தது. பிறகு “காக வைத்தேன்” என்று பாடி முடித்தார். ‘டிங்’ என்று சரியான இடத்தில் அடி விழுந்தது.

வாத்தியாருக்கு வருத்தம்தான். ‘உனக்காக’ என்பது முழுச் சொல்லாக வர வேண்டும், இன்னொரு தடவை எடுக்கலாம் என்று கெஞ்சினார். ஆனால் அடுத்த குழு வாசலில் காத்திருந்தது. பாட்டு அப்படியே காசெட்டில் ஏறிவிட்டது. காசெட்டின் உறையில் பாடியவர் பெயர் இல்லை, ‘குழுவினர்’ என்றுதான் இருந்தது. ஐந்தாறு மாதங்களில் அது கடைகளிலிருந்து காணாமல் போயிற்று.

நீதிபதி மட்டும் காணாமல் போகவில்லை. பேருந்து எதுவும் ஏறாமல் தினமும் பேருந்து நிலையத்துக்கு வந்தார். இரண்டு மாதம் கழித்து, நடைமேடை பெஞ்சில் உட்கார்ந்து, தன் மனதில் இருந்ததைச் சொன்னார். அன்றைக்குப் பாடும்போது அந்த இடத்தில் நீங்கள் அழுதீர்கள், ஒரு பாட்டுக்கே இப்படி உருகுகிற மனசை நான் பார்த்ததில்லை, அப்போதே முடிவு செய்துவிட்டேன் என்றார். பட்டன் விழுந்ததை யாரும் பார்க்கவில்லை என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார் என்பது இவருக்கு அப்போதுதான் புரிந்தது. அந்த முகத்தைப் பார்த்து உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. கல்யாணம் ஆனதும் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டார். பிறகு மகள் பிறந்தாள். பிறகு வீடு மாற்றினார்கள். ஒவ்வொரு வருடமும் அதைச் சொல்வது இன்னும் கொஞ்சம் கஷ்டமாகிக்கொண்டே போயிற்று.

இப்போது கிட்டார்ப் பெண்ணால் அந்த விம்மல் தெருவெங்கும் கேட்டது. டிரைவரத்தை பாடியதில் அது ஒரே ஒருமுறை. கிட்டார்ப் பெண் மூன்று இடத்தில் வைத்திருந்தாள். பேருந்துப் பிள்ளைகளோ சிவப்பு விளக்குக்கு ஒருமுறை விம்மினார்கள். கிட்டார்ப் பெண் ஒரு பேட்டியும் கொடுத்திருந்தாள். பழைய சாமான் கடையில் அந்தக் காசெட் கிடைத்ததாகவும், அந்த ஒரு விம்மலைக் கொண்டுவர மூன்று மாதம் பயிற்சி எடுத்ததாகவும், பாடியவர் யாரோ தெரியவில்லை, பெரிய துக்கத்தைச் சுமந்தவராக இருக்க வேண்டும் என்றும் சொல்லியிருந்தாள். பேட்டிக்குக் கீழே ஆளுக்கொரு கதை எழுதியிருந்தார்கள். காதலன் கடலில் போனான் என்று ஒருவர். பாடகி பாடி முடித்த மறுவாரமே இறந்துவிட்டார் என்று இன்னொருவர். அதைப் படித்தபோது டிரைவரத்தை வண்டிக்கு டீசல் போட்டுக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். பிசியோதெரபிஸ்ட். எலும்பும் நரம்பும் பார்க்கிறவள் என்பதால் எதையும் தொட்டுப் பார்க்காமல் நம்ப மாட்டாள். யாரோ இணையத்தில் ஏற்றியிருந்த காசெட் பாட்டையும் கிட்டார்ப் பெண்ணின் பாட்டையும் மாற்றி மாற்றிக் கேட்டு, முதலாவது தன் அம்மாவின் குரல் என்று கண்டுபிடித்திருந்தாள். சின்ன வயதில் அம்மா வீட்டில் முணுமுணுத்த மெட்டுத்தான் அது. அப்பா கடைக்குப் போன நேரம் பார்த்து, சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு மெதுவாக ஆரம்பித்தாள்.

“அம்மா, நான் கேட்டா தப்பா எடுத்துக்கக் கூடாது. அப்பாவுக்கு முன்னாடி யாராவது இருந்தாங்களா?”

“எதுக்குடி கேக்கற?”

“சும்மா ஒரு பாட்டுக்காக யாரும் அப்படி அழ மாட்டாங்கம்மா. இருந்தாலும் பரவாயில்ல. எனக்குச் சொல்லலாம்.”

டிரைவரத்தை மகளை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னார். முழங்கால் கட்டம் வந்தபோது மகள் நாற்காலியிலிருந்து சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டு வெகுநேரம் குலுங்கினாள். பிறகு போனை எடுத்து அந்தப் பழைய பதிவை மறுபடி போட்டுக் கேட்டாள். உற்றுக் கேட்டால் அந்த ‘டக்’ தெளிவாகவே இருந்தது. கிட்டார்ப் பெண் அதை ஓர் இசை நுணுக்கம் என்று நினைத்துக் கிட்டாரில் தட்டிக்கொண்டிருக்கிறாள்.

அப்பாவிடம் சொல்லிவிடு என்றாள் மகள். எப்படிச் சொல்வது, முப்பத்துநாலு வருஷமாக என்னை இளகிய மனசுக்காரி என்று நம்பிக்கொண்டிருக்கிறாரே என்றார் அம்மா. மகள் கொஞ்சம் நெளிந்தாள். கிட்டார்ப் பெண்ணுக்கு அவள் ஏற்கெனவே எழுதிவிட்டாள். அந்தப் பெண் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே வருகிறாளாம்.

சொன்னபடி வந்தாள். திரையில் பார்த்ததைவிடச் சின்னப் பெண்ணாக, தோளில் கிட்டார்ப் பையும் கையில் ஒரு பிஸ்கட் டப்பாவுமாக வாசலில் நின்றாள். உள்ளே வந்ததும் டிரைவரத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. முன்னறையில் நீதிபதி சலவைச் சட்டை அணிந்து, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மற்ற நாட்களில் நாலு வார்த்தைக்கு மேல் பேசாத மனிதர், அன்றைக்குத் தானே ஆரம்பித்தார். பதிவின்போது நானும் அங்கேதான் இருந்தேன், நாலடி தூரத்தில் நின்றேன், அந்த அழுகையை நேரில் கேட்டவர்களில் நானும் ஒருவன் என்றார். பெருமை முகத்தில் பொங்கி வழிந்தது. மகள் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள்.

கிட்டார்ப் பெண் டிரைவரத்தை பக்கம் திரும்பினாள்.

“அந்த நிமிஷம் மனசுல என்னம்மா இருந்துச்சு? அது தெரியாமலே நான் பாடிட்டிருக்கேன்.”

டிரைவரத்தை கணவரைப் பார்த்தார். பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்தார். மூன்று மாதம் பயிற்சி எடுத்தவளிடம் பொய் சொல்ல மனசு வரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, பேருந்து நிலையத்தில் அறிவிப்பதுபோல ஒரே சீராக, நடந்ததை நடந்தபடி சொல்லி முடித்தார். அண்ணனின் பேன்ட், பட்டன், முழங்கால் எதையும் விடவில்லை.

நீதிபதி தன் இரண்டு முழங்கால்களையும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீ பாத்தியா?”

“பாத்தேங்க.”

“எதுலேர்ந்து?”

“பட்டன் விழுந்ததுலேர்ந்து.”

அவர் இன்னும் கொஞ்ச நேரம் யோசித்தார். தராசின் முள் நிற்பதற்குக் காத்திருப்பவரைப் போல இருந்தது அது.

“என் அடி சரியா விழுந்துச்சா?”

“இம்மி பிசகல.”

அவர் தலையை ஆட்டினார். பிறகு உதட்டின் ஓரம் துடித்தது. பிறகு தோள். பிறகு அந்த மனிதர் சத்தமாகச் சிரித்தார். சமையலறையிலிருந்து ஓடிவந்த மகள் கதவருகில் அப்படியே நின்றுவிட்டாள். அப்பாவின் சிரிப்புக்கு இப்படி ஒரு சத்தம் உண்டு என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

“இளகின மனசுக்காரின்னு நம்பித்தானே உன்னைக் கட்டிக்கிட்டேன்,” என்றார் கண்ணைத் துடைத்தபடி.

“நான் அந்த முழங்காலுக்காகத்தாங்க உங்களைக் கட்டிக்கிட்டேன். வேற யாரா இருந்தாலும் கையில இருக்கறதைப் போட்டுட்டு பேன்ட்டைப் பிடிச்சிருப்பாங்க. நீங்க எண்ணிட்டே நின்னீங்க. இந்த ஆள் எதையும் பாதியில விட மாட்டார்னு அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு.”

அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். காது மட்டும் சிவந்திருந்தது.

இதற்கிடையில் கிட்டார்ப் பெண்ணின் முகத்தில் ஈயாடவில்லை. ஒரு சிரிப்பை அழுகை என்று நினைத்து, மூன்று மாதம் உட்கார்ந்து அழுது பழகியிருக்கிறாள். கிட்டாரை எடுத்து அதே வரியைச் சிரிப்பை அடக்குவதுபோலப் பாடிப் பார்த்தாள். விக்கல் மாதிரி வந்தது. இன்னொருமுறை முயன்றாள். இருமல் மாதிரி வந்தது. இனி இந்தப் பாட்டை எப்படித்தான் பாடுவேன் என்று கேட்டாள்.

“நீ ஏம்மா மாத்தணும்? உன் பாட்டுல அது அழுகைதான். நான் ஓடிக்கிட்டே பாடினேன், எனக்கு அந்தக் கதவும் தெரியல, அவ கழுத்து வலியும் தெரியல. நீ பாடித்தான் எனக்கே தெரிஞ்சுது. உன்னோடது உன்கிட்ட இருக்கட்டும், என்னோடது என்கிட்ட இருக்கட்டும்.”

அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. அப்படியென்றால் என் வேகத்தில் நீங்கள் ஒருமுறை பாடுங்கள் என்றாள். டிரைவரத்தை மறுத்துப் பார்த்தார். காலையில்தான் ஹாரன் வேலை செய்யாமல் வழி நெடுகக் கத்திவிட்டு வந்தேன், தொண்டை கட்டியிருக்கிறது என்றார். ஞாயிற்றுக்கிழமை ஏது பேருந்து என்று மகள் காட்டிக்கொடுத்துவிட்டாள்.

பாடினார். முதல் வரியில் வழக்கம்போல வேகமெடுத்தார். கிட்டார் பின்னால் இழுத்துப் பிடித்தது. இரண்டாவது வரியில் நிதானத்துக்கு வந்துவிட்டார். கதவு, காற்று, திரும்பிப் பார்க்கிற அந்தப் பெண் என்று ஒவ்வொன்றாக வந்தது. நீதிபதி மேசை மேலிருந்த கரண்டியையும் கண்ணாடித் தம்ளரையும் எடுத்துக்கொண்டு உதடசைய எண்ணத் தொடங்கினார். கடைசிப் பல்லவியில் அறையில் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த இடத்துக்காகக் காத்திருந்தார்கள். அழுகை வரவில்லை, சிரிப்பும் வரவில்லை. “உனக்காக வைத்தேன்” என்று முழுச் சொல்லாக, உடையாமல் வந்தது. தம்ளரில் அடி விழுந்தது.

கிட்டார்ப் பெண் இதையெல்லாம் போனில் பதிவு செய்திருந்தாள். அனுமதி கேட்டு, அன்று மாலையே தன் பக்கத்தில் ஏற்றினாள். பாடியவர் என்ற இடத்தில் டிரைவரத்தையின் முழுப் பெயரையும் போட்டாள். புதன்கிழமைக்குள் பள்ளிக்கூடத்துக்கே தெரிந்துவிட்டது. தலைமை ஆசிரியை வண்டி நிறுத்தம் வரை நடந்து வந்து கை கொடுத்தார். எந்தப் பாட்டு உசத்தி என்று ஆசிரியர் அறையில் பெரிய சண்டையாம். பழையதுதான் அசல் என்று ஒரு கட்சி, கிட்டார்தான் உயிர் என்று இன்னொரு கட்சி. ஆயா மட்டும் புதியதையும் சேர்த்து மூன்றும் பிடிக்கும் என்று சொல்லி இரண்டு கட்சியிடமும் திட்டு வாங்கினார்.

சனிக்கிழமை காலை டிரைவரத்தையின் போன் மணி அடித்தது. தெரியாத எண். மறுமுனையில் நடுங்குகிற குரல் ஒன்று, எந்த முகமனும் இல்லாமல், இரண்டாவது சரணத்தில் மூன்றாவது வரியை நீங்கள் ஒரு மாத்திரை முன்னாலேயே எடுத்துவிட்டீர்கள் என்றது. கணக்கு வாத்தியார். எண்பதைத் தாண்டியவர், பேத்தி வீட்டில் இருக்கிறார். பேத்திதான் பாட்டைப் போட்டுக் காட்டி, எண்ணையும் தேடித் தந்திருக்கிறாள்.

“ஆனா அந்தச் சொல்லு முழுசா வந்துருச்சும்மா. அது போதும்.”

பிறகு கொஞ்சம் தயங்கினார். நோட்டில் இன்னும் பதினோரு பாட்டு இருப்பதாகவும், பாட ஆள் இல்லாமல் மெட்டையெல்லாம் தனக்குள்ளேயே வைத்திருப்பதாகவும் சொன்னார். வரும் வாரம் கிட்டார்ப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு வருவீர்களா என்று கேட்டார். கேட்டவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. முதல் பாட்டின் மெட்டைப் போனிலேயே பாட ஆரம்பித்துவிட்டார். குரல் உடைந்து உடைந்து வந்தது, தாளம் மட்டும் பிசகவில்லை.

“சார், சார், கொஞ்சம் நில்லுங்க,” என்று டிரைவரத்தை இடைமறித்தார். மகளின் பழைய நோட்டில் ஒரு வெள்ளைப் பக்கத்தைத் தேடிப் பிடித்தார். பேனா எழுதுகிறதா என்று உள்ளங்கையில் கிறுக்கிப் பார்த்துக்கொண்டார்.

“மெட்டு அப்புறம் சார். முதல்ல வார்த்தையைச் சொல்லுங்க. மெதுவாச் சொல்லுங்க, எழுதிக்கறேன்.”